கோல் யாருக்கு, பெயர்ப் பட்டியல் யாருக்கு

சட்டக் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் எந்த ஆசிரியர் எந்தப் பொறுப்பை ஏற்பது என்பதைப் பெரிய கூட்டம் போட்டு, காரசாரமாக விவாதித்து முடிவு செய்வார்கள் என்று மாணவியாக இருந்தபோது நினைத்திருந்தேன். அதே கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, எல்லாம் பிரின்ஸிபால் அறையில் இருந்த ஒரு பழுப்புக் கோப்புக்குள் அடக்கம் என்று. அதில் இரண்டே விதிகள். ஊர்வலத்துக்கு முன்னால் வெள்ளிப்பூண் போட்ட கோலை ஏந்தி நடப்பவர், பணியில் எல்லோருக்கும் மூத்தவர். மேடையில் பட்டதாரிகளின் பெயர்களை வாசிப்பவர், பிரின்ஸிபால் யாரைச் சொல்கிறாரோ அவர்.

எழுதப்படாத மூன்றாவது விதி ஒன்றும் இருந்தது. வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் நீட்டிப் பன்னீர் தெளிப்பது பெண் விரிவுரையாளரின் வேலை. அந்தக் கல்லூரியில் பெண் விரிவுரையாளர் நான் ஒருத்திதான். குற்றவியல் சட்டம் நடத்தினேன். மூன்று வருஷம் தொடர்ந்து சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். உள்ளே விழா தொடங்கும்போது என் விரல்களில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், கோல் ஏந்தி வந்த பேராசிரியர் ஓய்வு பெற்றார். அடுத்தது யார் என்ற கேள்வி வந்தது. மூத்தவர்களாக இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஒப்பந்தச் சட்டம் நடத்தியவர். மாணவர்கள் அவரைக் கான்ட்ராக்ட் சார் என்பார்கள். இன்னொருவர் சாட்சியச் சட்டம் நடத்திய எவிடன்ஸ் சார். அதுவரை பெயர்களை வாசித்து வந்தவரும் அவர்தான். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆனால் பதிவேட்டில் கான்ட்ராக்ட் சார் முற்பகல், எவிடன்ஸ் சார் பிற்பகல். அந்த அரை நாளால் பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஒவ்வோர் ஊர்வலத்திலும் ஒருவர் முன்னாலும் மற்றவர் பின்னாலும் நடந்து வந்தார்கள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த ஆனியில் அம்மாவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்ததால் விடுப்பு எடுத்துக்கொண்டு தென்காசிக்கு வந்திருந்தேன். கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்போது இரண்டாகப் பிளந்து நின்ற கோயில் கோபுரத்தின் வழியாக வரும் காற்று எங்கள் கொல்லை வரைக்கும் வந்து துணிகளை அலைக்கழிக்கும். ஒரு நாள் காலையில் பிரின்ஸிபாலிடமிருந்து கார்டு வந்தது. மூட்டுவலிக்கு அருவிக் குளியல் நல்லது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் குடும்பத்தோடு குற்றாலத்தில் தங்கியிருப்பதாகவும், வந்து போகும்படியும் எழுதியிருந்தார். கடைசி வரி: 'விழாக் கோப்பும் என்னோடு வந்திருக்கிறது.'

மறுநாள் காலை குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். சாரல் காலத்தில் அந்த வழி எனக்கு எப்போதும் பாதித் தூக்கத்தில் போவதுபோலத்தான் இருக்கும். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. காற்றில் தொங்கும் ஈரம் முகத்தில் வந்து ஒட்டும்போதுதான் அது தண்ணீர் என்று தெரியும். வயல்களுக்கு அப்பால் மலை இருந்தது, பிறகு இல்லை, மறுபடியும் இருந்தது. பஸ்ஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மணி என்ன என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு வாடகை பங்களாவில் தங்கியிருந்தார்கள். பிரின்ஸிபால் கம்பளி மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வந்து நான்கு நாளாகியும் அவர் அருவிப் பக்கம் போகவில்லை. விழும் தண்ணீரைக் கண்டால் அவருக்குப் பயம் என்பதை அவருடைய மனைவிதான் சொன்னார். அந்த அம்மாளுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். கல்லூரி இருந்த பட்டணத்தில் இருபது வருஷம் வாழ்ந்தும் பேச்சு மாறவில்லை.

"இவுக இங்கன உக்காந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு இருக்காக. மூட்டுவலி சத்தத்துல போயிருமா? ஏட்டி, நீ வா, நாம போயிட்டு வருவோம்."

கல்லூரியில் எல்லோரும் என்னை மேடம் என்று கூப்பிடுவார்கள். பிரின்ஸிபால் முன்னாலேயே 'ஏட்டி' என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. அந்த அம்மாளோடு பேரருவிக்குப் போனேன்.

பெண்கள் பக்கம் கூட்டம் குறைவாக இருந்தது. தலையில் எண்ணெய் வழிய, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நுழைந்தோம். முதல் அடி தோளில் விழுந்தபோது மூச்சு நின்று திரும்பியது. பிறகு எதுவும் இல்லை. கல்லூரி, அம்மாவின் கண், முப்பதைத் தாண்டிய என் வயது எல்லாம் வெள்ளையாகிக் கரைந்துபோய், ஒரு பெரிய இரைச்சலுக்குள் நான் நிற்பது மட்டும் மிச்சமிருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அந்த அம்மாள் என் காதருகே வாயை வைத்துக் கத்தினார்.

"அந்த விழாவுல உனக்கு என்ன வேல?"

"சந்தனம்!"

"என்னது?"

"சந்தனம்! வாசல்ல சந்தனம் கொடுக்குறது!"

"படிச்சு முடிச்சு அதுக்கா போயிருக்கே?"

நான் ஏதோ சொன்னேன். தண்ணீர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது, ஆண்கள் பக்கத்துப் படிகளில் இடுப்பில் ஈரத்துண்டோடு ஒருவர் இறங்கி வந்தார். எங்கோ பார்த்த முகம். கறுப்பு அங்கியும் கண்ணாடியும் இல்லாததால் அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று. எவிடன்ஸ் சார். மனைவியை இழந்தவர். ஒவ்வொரு வருஷமும் சாரல் காலத்தில் தனியாக வந்து ஒரு வாரம் சத்திரத்தில் தங்கிக் குளித்துவிட்டுப் போவாராம். எனக்கே அன்றுதான் தெரியும். பிரின்ஸிபால் வந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் விடவில்லை.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துரணும். சொதி வைக்கேன்."

பங்களாவுக்குத் திரும்பியபோது வராந்தாவில் கான்ட்ராக்ட் சார் உட்கார்ந்திருந்தார். காலை ரயிலில் தென்காசியில் இறங்கி, நேராக வந்திருக்கிறார். சட்டைக் காலர்கூட நனையவில்லை. கோல் விஷயத்தைப் பிரின்ஸிபாலிடம் நேரில் பேசி உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் அவ்வளவு தூரம் வந்தார் என்பது பார்த்தவுடனே புரிந்தது. மத்தியானம் எவிடன்ஸ் சார் படியேறி வந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்களும் இதுக்குத்தான் வந்தீங்களா?"

"எதுக்கு?" என்றார் எவிடன்ஸ் சார். "எனக்கு சொதின்னு சொன்னாங்க."

சாப்பிட்டு முடித்து எல்லோரும் வராந்தாவுக்கு வந்தோம். மேகம் மரங்களின் இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. ஒரு குரங்கு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தன் குட்டியின் தலையில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. பிரின்ஸிபால் கோப்பைத் திறந்தார். அதன் காகிதங்களெல்லாம் ஈரத்தில் துணிபோலத் துவண்டிருந்தன. முடிவுகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார்.

"கோலைப் பொறுத்தவரை பதிவேடு தெளிவா இருக்கு. ஒருத்தர் எஃப்.என்., ஒருத்தர் ஏ.என். எஃப்.என். மூத்தவர். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று எவிடன்ஸ் சாரைக் கேட்டார்.

"இல்லை சார். முற்பகல் முற்பகல்தான்" என்று சொல்லிவிட்டு அவர் பலாச்சுளையிலிருந்து கொட்டையை நீக்குவதில் முனைந்தார்.

காரியம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. நான் எழுதவும் தொடங்கிவிட்டேன். காப்பித் தம்ளர்களோடு வந்த அந்த அம்மாள்தான் சாதாரணமாகக் கேட்டார்.

"அன்னிக்கு நீங்க ஏன் அரை நாள் பிந்திப் போனிய?"

"வழியில ஒரு வேலை இருந்தது" என்றார் எவிடன்ஸ் சார்.

ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்ட் சார் தம்ளரைக் கீழே வைத்தார். வைத்தபோது காப்பி தளும்பி வேட்டியில் சிந்தியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"என் பெட்டிதான் அந்த வேலை" என்றார்.

பிரின்ஸிபால் நிமிர்ந்து பார்த்தார்.

கான்ட்ராக்ட் சார் யார் முகத்தையும் பார்க்காமல், எதிரே இருந்த மேகத்தைப் பார்த்தபடி சொன்னார். வேலையில் சேர அவர் ரயிலில் போனபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எவிடன்ஸ் சார். அதற்கு முன் ஒருவரையொருவர் தெரியாது. ஒரே கல்லூரிக்குப் போகிறோம் என்பது பேச்சில் தெரிந்தது. இறங்கி நின்று பார்த்தால் கான்ட்ராக்ட் சாரின் தகரப் பெட்டி இல்லை. அதை இறக்கிய போர்ட்டர் தவறுதலாகப் பக்கத்தில் நின்ற வேறு வண்டியில் ஏற்றிவிட்டான். சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள். அன்றைக்குள் காட்டாவிட்டால் வேலை இல்லை.

"இவர் சொன்னார், 'நீங்க போய்க் கையெழுத்துப் போடுங்க, சான்றிதழ் பின்னால வருதுன்னு சொல்லுங்க, நான் பெட்டியைத் தேடிக் கொண்டு வரேன்'னு. எனக்குக் குழந்தை பிறந்து ஒரு மாசம். நான் போயிட்டேன். இவர் ரயில்வே யார்டு யார்டா அலைஞ்சு, மத்தியானத்துக்கு மேல பெட்டியைத் தோள்ல சுமந்துகிட்டு வந்தார். அதுக்கப்புறம்தான் தன்னோட கையெழுத்தைப் போட்டார்."

"பெட்டி ரொம்ப கனமில்லை" என்றார் எவிடன்ஸ் சார்.

"இவ்வளவு நாளும் ஏன்யா நீங்க சொல்லலை?" என்று பிரின்ஸிபால் கேட்டார். இருவரில் யாரைக் கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கான்ட்ராக்ட் சார்தான் பதில் சொன்னார். "முதல் வருஷம் சொல்லணும்னு இருந்தேன். சொல்லலை. ரெண்டாவது வருஷம், முதல் வருஷம் சொல்லாதது வெட்கமா இருந்தது. பிறகு இவரைப் பார்த்துப் பேசுறதே கஷ்டமாயிடுச்சு. ஊர்வலத்துல பின்னால இவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்."

எவிடன்ஸ் சார் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "வேட்டி கறையாயிடும், தண்ணி போடுங்க" என்றார். அவ்வளவுதான். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு மேகத்தைப் பார்த்தேன். அது மரங்களை விட்டு எங்கள் வராந்தாவுக்கே வந்துவிட்டதைப்போல எல்லோர் முகமும் மங்கலாகத் தெரிந்தது. என் கண்ணிலும் நீர் இருந்திருக்கலாம்.

பிரின்ஸிபால் விதிக்குக் கட்டுப்பட்டவர். பதிவேட்டைத் திருத்த முடியாது என்றார். ஆனால் மூத்தவர் எழுதிக் கொடுத்து ஒதுங்கினால் கோல் அடுத்தவருக்குப் போகும் என்றும் சொன்னார். கான்ட்ராக்ட் சார் என்னிடமிருந்து தாளை வாங்கி இரண்டே வரி எழுதிக் கையெழுத்திட்டார். எவிடன்ஸ் சார் வேண்டாம் என்றார், அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பெயர் வாசிக்க ஆள் இல்லை. பிரின்ஸிபால் பட்டணத்தில் இருந்த ஒரு விரிவுரையாளரின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். எனக்கு ஆசை இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வகுப்பில் எண்பது பையன்களை அடக்குகிறவள், அந்த வராந்தாவில் தாளின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன், இவ வாசிச்சா ஆகாதா?" என்றார் அந்த அம்மாள், உள்ளே போகும் வழியில் நின்று. "அருவிக்குள்ள நின்னு பேசுதா, எனக்குக் கேக்குது."

"வாசல்ல சந்தனத்துக்கு ஆள் வேணுமே" என்றார் பிரின்ஸிபால்.

"ஆம்பளையளுக்குக் கையில்லையா?"

பிரின்ஸிபால் சிரித்து மழுப்பப் பார்த்தார். அப்போது கான்ட்ராக்ட் சார், "நான் நிற்கிறேன் சார். இந்த வருஷம் எனக்கு வேற வேலை இல்லையே" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. "அரை மணி நேரந்தானே. நிற்கிறேன்."

பிரின்ஸிபால் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் மனைவியைப் பார்த்தார். "எழுதிக்கோம்மா" என்றார். என் பெயரை நானே எழுதிக்கொண்டேன். அந்த எழுத்து மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாக விழுந்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் தென்காசிச் சாலையில் பாதித் தூரம் நடந்தே வந்தேன். நனைந்துகொண்டே நடந்தபோது என் சொந்தப் பட்டமளிப்பு நாள் நினைவுக்கு வந்தது. அப்பா தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் பட்டணத்துக்கு ரயில் ஏறினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். விழா முடிந்து வெளியே வந்ததும், "உன் பேரை எப்போம்மா வாசிச்சாக?" என்று கேட்டார். வாசித்தவர் அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லி, என் பெயரை அவசரமாக விழுங்கியிருந்தார். அப்பாவுக்கு அது நான்தான் என்று தெரியவில்லை. அவ்வளவு தூரம் வந்தவருக்குக் கிடைத்தது ஓர் ஆங்கில எழுத்து. அதற்கடுத்த வருஷம் அவர் இறந்துபோனார்.

கல்லூரிக்குத் திரும்பியதும் இறுதியாண்டு மாணவர்கள் எல்லோரிடமும் சீட்டுக் கொடுத்து முதலெழுத்தின் விரிவை எழுதி வாங்கினேன். அதை எப்படி உச்சரிப்பது என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஒரு பையன் மட்டும் சீட்டைக் கொடுக்காமல் எல்லோரும் போகும்வரை நின்றான்.

"மேடம், அப்பா பேரு வேண்டாம். அம்மா பேரை வாசிப்பீங்களா?"

"எழுதிக் கொடு" என்றேன். காரணம் கேட்கவில்லை.

விழா அன்று வாசலில் கான்ட்ராக்ட் சார் முழு அங்கியோடு சந்தனக் கிண்ணத்தை ஏந்தி நின்றார். பன்னீர்ச் செம்பை எவ்வளவு சாய்ப்பது என்று தெரியாமல் முதலில் வந்த நாலைந்து பேரைக் குளிப்பாட்டிவிட்டார். ஊர்வலம் வந்தது. எவிடன்ஸ் சார் கோலை மார்போடு அணைத்துப் பிடித்தபடி மெதுவாக, மிக மெதுவாக நடந்தார். வாசலைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று கையை நீட்டினார். கான்ட்ராக்ட் சார் அவருக்குச் சந்தனம் வைத்தார். ஊர்வலம் முழுவதும் அவர்களுக்காக நின்று, பிறகு நகர்ந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தெளிவாக எதுவும் நினைவில்லை. மேடையில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றபோது காதில் அருவியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அதற்குள் நின்றுகொண்டு வாசித்தேன். முதலில் தகப்பன் பெயரை முழுதாக, பிறகு பிள்ளையின் பெயரை. நாலாவதோ ஐந்தாவதோ பெயர் வாசித்தபோது கடைசிக்கு முந்தின வரிசையில் யாரோ ஒருவர் எழுந்து நின்றார். வகுப்பில் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பதுபோல, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு. சிலர் சிரித்தார்கள். அடுத்த பெயருக்கு இன்னொருவர் எழுந்தார். அதன்பின் சிரிப்பு நின்றுவிட்டது. வேட்டியும் துண்டுமாக, கோட்டும் தலைப்பாகையுமாக, ஒரு தொப்பி, ஒரு கைத்தடி என்று ஹாலின் எல்லா மூலைகளிலும் ஆட்கள் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். அம்மாவின் பெயரை வாசித்தபோது மட்டும் யாரும் எழவில்லை. மேடையேறி வந்த அந்தப் பையன், என்னைக் கடக்கும்போது தலையைத் தாழ்த்தினான்.

விழா குறித்த நேரத்தைத் தாண்டி வெகுநேரம் நீண்டது. சிறப்பு விருந்தினர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் பிரின்ஸிபால் கூப்பிட்டார். என் குரல் நன்றாக இருந்தது என்றார், இனிமேலும் நானே வாசிக்கலாம் என்றார். கோப்பில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்ததையும் காட்டினார்: 'முதலெழுத்துகளை விரித்து வாசிக்கக் கூடாது.' நான் வாதாடினேன். அவர் அசையவில்லை. அதற்குப் பின் ஐந்து வருஷம் நான்தான் வாசித்தேன், முதலெழுத்துகளோடு. கோலை இரண்டு சார்களும் ஆண்டுக்கு ஒருவராக மாற்றி மாற்றி ஏந்தினார்கள். சந்தனத்துக்கு யார் என்பது ஒவ்வொரு வருஷமும் ஒரு பேச்சாக இருந்தது, ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

நான் முதன்முதலாக வாசித்த விழாவுக்கு மறு வருஷம், சாரல் காலத்தில், தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னைத் தேடி வந்து கும்பிட்டார். வயதானவர், தோளில் ஒரு சாக்கு, பக்கத்தில் அவர் மனைவி. அவரைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

"எங்களுக்கு ஊரு பண்பொழிங்க. போன வருசம் எம் பேரை மைக்குல சொன்னிய. எம்மவன் பட்டம் வாங்கினான்லா, அன்னிக்கு."

"நீங்க எந்திரிச்சு நின்னீங்களா?"

"நான்தான் முதல்ல எந்திரிச்சேன்" என்றார் பெருமையாக. "எம் பேரை யாரும் அப்படிச் சத்தமாச் சொல்லி நான் கேட்டதே இல்லம்மா. ரெஜிஸ்டர் ஆபீஸுல ஒரு தடவ கூப்பிட்டாக, அதும் தப்பாத்தான் கூப்பிட்டாக. இங்கன சரியாச் சொன்னிய. காலு தானா எந்திரிச்சிட்டு."

"இவுக எந்திரிச்சதுல பின்னால இருந்தவுகளுக்கு மறைக்குன்னு ஒரே சத்தம். நான் வேட்டியப் புடிச்சு இழுக்கேன், உக்கார மாட்டேங்காக" என்றார் அவர் மனைவி.

"மகன் எங்க இருக்கான்?"

"செங்கோட்டைக் கோர்ட்டுல. வீட்டு வாசல்ல போர்டு போட்டிருக்கான். அதுல முன்னால ஒரு எழுத்துதான் போட்டிருக்கான். அது என்னலே எழுத்துன்னு கேட்டேன். அது நீங்கதாம்ப்பான்னு சொன்னான்."

பண்பொழி பஸ் வந்து நின்றது. அவர் சாக்கை மேலே ஏற்றிவிட்டு, தூறலில் நின்றபடியே சாக்குக்குள் கையை விட்டு இரண்டு நார்த்தங்காய் எடுத்து என் கையில் திணித்தார். மனைவி உள்ளிருந்து அவரைக் கூப்பிட்டார். அவர் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கண்ணாடியில் நீர்ப்புகை படிந்து முகம் தெரியாமல் போயிற்று. உள்ளிருந்து ஒரு கை அதைத் துடைக்க முயன்றது. பஸ் கிளம்பி, ஈரச் சாலையில் மெதுவாகத் திரும்பி, மேற்கே போனது.